பதில் எழுதாத எழுத்தாளர்களுக்கு

எழுத்தாளர்களில் ஒரு சாரார் சில காலமாக ஒரு கொள்கையைப் பரப்பி வருகிறார்கள். நாவலின் கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்ததும் எழுத்தாளனுடைய கடமை தீர்ந்துவிடுகிறதாம். அதன் பிறகு வாசகன் கடிதம் எழுதினால் அது அவனுடைய ஆசை; பதில் எழுத வேண்டிய அவசியம் எழுத்தாளனுக்கு இல்லையாம். பதில் எழுதுகிறவன் கைதட்டலுக்கு ஏங்குகிறவன், கலையின் கௌரவத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவருகிறவன் என்றெல்லாம் பேசுகிறார்கள். "சமையற்காரன் இலைக்கு இலை வந்து, உப்புப் போதுமா என்று கேட்கிறானா?" என்று ஒரு நண்பர் இலக்கியக் கூட்டம் ஒன்றில் உவமை சொன்னார், சபையில் நல்ல கைதட்டல். அவர் நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை போலிருக்கிறது. சமையற்காரர் கேட்காவிட்டால் பெண் வீட்டுக்காரர் கேட்பார். இருவருமே கேட்காத கல்யாணத்தைப் பற்றி ஊர் பத்து வருஷம் பேசும்.

இந்தக் கொள்கைக்காரர்களுக்குப் பேய்க்கதை எழுதுகிறவன் என்றால் இன்னும் இளப்பம். "பேய்க்கதை படிக்கிறவனுக்கு என்ன பதில் வேண்டிக் கிடக்கிறது? பேயே போய்ப் பதில் சொல்லட்டும்!" என்று சிரிக்கிறார்கள். நானும் பேய்களை வைத்துக் கொஞ்சம் ஜீவனம் செய்தவன். ஆகவே எனக்கும் சேர்த்துத்தான் அந்தச் சிரிப்பு. சிரிக்கட்டும். என் கட்சி இதற்கு நேர் எதிரானது. மற்ற எழுத்தாளர்கள் வாசகர்களுக்குப் பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. வாசகனைப் பயமுறுத்துகிறவன் மட்டும் பதில் எழுதியே ஆக வேண்டும். அது தயவோ தாட்சண்யமோ அல்ல. கடன்.

ஏன் என்று சொல்கிறேன்.

காதல் கதை படித்து அழுத வாசகி கண்ணைத் துடைத்துக்கொண்டு உறங்கிப்போவாள். துப்பறியும் கதை படித்தவன், கொலையாளி அகப்பட்டதும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடி வைப்பான். திகில் கதை அப்படி மூடிக்கொள்வதில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்குகிறது. கொல்லைப்புறக் கதவைத் தாழிட்டோமா என்று எழுந்து போய்ப் பார்க்கச் சொல்கிறது. மறுநாள் பகலில், அடுப்படியில் நிற்கும்போதுகூட ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. அப்படித் திரும்பிப் பார்த்தவர்கள்தாம் கடிதம் எழுதுகிறார்கள். எனக்கு வருகிற கடிதங்களில் பாராட்டு உண்டு, பிழை திருத்தம் உண்டு, "அந்தப் பெண்ணை ஏன் சாகடித்தீர்கள்?" என்ற சண்டையும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, இது நிஜமா?"

இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அரக்கோணத்துக்காரன். 1856-ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா வரைக்கும் தென்னாட்டின் முதல் ரயில் ஓடினபோதே அதன் வழியில் இருந்த ஊர் இது. இங்கிருந்து ஒரு பாதை சென்னைக்குப் போகிறது. இன்னொன்று காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் சீமைக்குள் போகிறது. பி.டி.சாமியின் பேய்க்கதைகளும், பின்னால் வந்த மாத நாவல்களும் இந்த ரயில்களில் எத்தனை மடிகளில் பயணம் செய்திருக்கின்றன என்பதற்குக் கணக்கு இல்லை. ஒரு புத்தகத்தை ஒருவர் வாங்கினால் பெட்டியில் பத்துப் பேர் படிப்பார்கள். சென்னைக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தா படித்தார். ஆம்பூரில் பூட்ஸ் தைக்கும் தொழிற்சாலைக்குப் போகும் பெண் படித்தாள். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலாளி படித்தார். "இது நிஜமா?" என்று கேட்கிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு அது பொழுதுபோக்கான கேள்வி அல்ல. வீட்டில் ஒரு பெண் இரவில் எழுந்து உட்கார்ந்து தனக்குள் பேசிக்கொண்டிருந்தால், அவளை டாக்டரிடம் அழைத்துப் போவதா, மந்திரிக்கிறவரிடம் அழைத்துப் போவதா என்று தீர்மானிக்க வேண்டிய கேள்வி அது.

ஒரு வாசகி எனக்கு இப்படி எழுதினார். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். என் நாவல் ஒன்றில் எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பேயை ஓட்டும் ஒரு மந்திரவாதி வருகிறார். "மதிப்பிற்குரிய ஐயா, என் தங்கைக்கும் அந்தக் கதையில் வருகிற பெண்ணுக்கு இருக்கிற மாதிரியே இருக்கிறது. அந்த மந்திரவாதி எந்த ஊரில் இருக்கிறார்? எவ்வளவு கேட்பார்? சீட்டுப் பணம் வருகிற மாதம் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம்" என்று கேட்டிருந்தார். நம் கொள்கைக்காரர்களின் சாஸ்திரப்படி நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாவலோடு கடமை தீர்ந்தது என்று கடிதத்தை மடித்து வைத்திருக்க வேண்டும். நான் அன்றைக்கே எழுதினேன். "அன்புள்ள சகோதரிக்கு, அந்த மந்திரவாதி எந்த ஊரிலும் இல்லை. அவரை நான் உண்டாக்கினேன். சீட்டுப் பணம் வருகிற வரையில் காத்திருக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது. தங்கையை அங்கே அழைத்துப் போங்கள்" என்று. ஒரு மாதம் கழித்து இரண்டு வரி வந்தது: போய் வந்தார்களாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம், தங்கை இரவில் தூங்குகிறாளாம். மூன்றாவது வரியில், அடுத்த நாவல் எப்போது வரும் என்று கேட்டிருந்தார்!

இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதில் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் நடந்ததை நாம் மறந்துவிட்டோமா? மனம் நோயுற்றவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியோடு ஓட முடியுமா? 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் எத்தனையோ பேர் அன்பில்லாதவர்கள் அல்ல. பேய் பிடித்திருக்கிறது, அந்தப் புண்ணியத் தலத்தில் விலகிவிடும் என்று நம்பினவர்கள். அந்த நம்பிக்கையை நாவலாசிரியர்கள் உண்டாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. நமக்கு முன்னாலேயே அது இருந்தது. ஆனால் அதில் நெய் வார்த்துக் காசு பார்க்கிறவர்களில் நாமும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில், "இது நிஜமா?" என்று ஒருவர் கார்டு எழுதிக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது கலையின் கௌரவமா? அதைவிட மோசம், "நிஜமாகவும் இருக்கலாம்" என்று கண் சிமிட்டுவது. அது அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம்; வேறொன்றும் இல்லை.

பேய்க்கதையே எழுதக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுமைப்பித்தன் 'காஞ்சனை' எழுதினார். அதனால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை, பெருமைதான் வந்தது. சுஜாதா 'கொலையுதிர் கால'த்தில், நடந்தது விஞ்ஞானமா பேயா என்ற வழக்கைக் கடைசி வரையில் தீர்த்து வைக்காமல் வாசகனைத் தவிக்க விட்டார். ஆனால் அதே சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று ஜூனியர் விகடனில் வாசகர்களின் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொன்னபோது, விஞ்ஞானத்தின் பக்கம்தான் நின்றார். கதையில் கதவை ஒருக்களித்து வைத்தவர், கேள்விக்குப் பதில் என்று வந்ததும் விளக்கைப் போட்டுக் காட்டினார். இதுதான் நான் சொல்கிற தர்மம். கதையில் பொய் சொல்லலாம். அதற்குத்தானே காசு வாங்குகிறோம்? கடிதத்தில் பொய் சொல்லக் கூடாது. கடிதத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, நம்பிக் கேட்கிறார்கள்.

வாசகருக்கும் இளம் எழுத்தாளருக்கும் கடிதம் எழுதுவதையே ஒரு விரதமாகக் கொண்டிருந்தவர் தமிழிலேயே ஒருவர் இருந்தார்: வல்லிக்கண்ணன். 2006-ல் மறையும் வரைக்கும் அவருடைய கார்டு வந்து சேராத சிற்றூர் குறைவு. சாகித்ய அகாடமி பரிசு பெற்ற பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் திகில் கதைக்காரர் அல்ல என்பீர்கள். சரி, உலகத்துத் திகில் கதைக்காரர்களுக்கெல்லாம் குருவாக எண்ணப்படுகிற ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் எச்.பி.லவ்கிராஃப்ட் என்பவர் இருந்தார். 1890-ல் பிறந்து 1937-ல் 46 வயதில் இறந்தவர். 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவுப் பத்திரிகையில் அவருடைய கதைகள் வந்தன. பணம் சேரவில்லை, பிறர் எழுதினதைத் திருத்திக் கொடுத்துக் காலம் தள்ளினார். சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார். தபால் தலைச் செலவை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை. தம் வாழ்நாளில் அவர் எழுதின கடிதங்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சில கடிதங்கள் முப்பது நாற்பது பக்கம் போகும். கடிதம் எழுதியவர் பெரிய மனிதரா, பள்ளிக்கூடத்துப் பையனா என்று அவர் பார்க்கவில்லை.

1933-ல் ராபர்ட் பிளாக் என்ற 16 வயதுப் பையன், உங்கள் பழைய கதைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதினான். நம்மவராயிருந்தால் பதிப்பாளரின் விலாசத்தைக் கொடுத்திருப்பார். லவ்கிராஃப்ட் தம்மிடம் இருந்த பிரதிகளையே இரவல் அனுப்ப முன்வந்தார்; சில கடிதங்களுக்குப் பிறகு, நீயும் எழுதிப் பாரேன் என்றார். அடுத்த வருஷமே அந்தப் பையனுடைய கதையை 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறகு அவன் ஒரு காரியம் செய்தான்: லவ்கிராஃப்டைப் போலவே ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டித்து, அவரைக் கொடூரமாகக் கொன்று ஒரு கதை எழுதி, அதற்கு அவரிடமே அனுமதி கேட்டான். குரு மகிழ்ச்சியோடு அனுமதி எழுதிக் கொடுத்ததுமல்லாமல், பிளாக்கைப் போன்ற ஒருவன் மாண்டுபோகும் கதையொன்றை எழுதிப் பழி தீர்த்துக்கொண்டார்! இருவரும் ஒரு நாளும் நேரில் சந்தித்ததில்லை. அந்தப் பையன்தான் பின்னாளில் 'சைக்கோ' எழுதினவர். 1959-ல் நாவல், 1960-ல் ஹிட்ச்காக்கின் படம்.

வில்லிஸ் கானோவர் என்ற 15 வயதுப் பையன் 1936-ல் எழுதினான். லவ்கிராஃப்டின் கதைகளில் 'நெக்ரோனமிகான்' என்று ஒரு பயங்கர மந்திரப் புத்தகம் அடிக்கடி வரும். படித்தவன் பைத்தியமாவான் என்பது கதை. அந்தப் புத்தகம் நிஜமாகவே இருக்கிறது என்று நம்பித் தேடின வாசகர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டிருந்தால் லவ்கிராஃப்டுக்கு எவ்வளவு கீர்த்தி! அவரோ கேட்டவர்களிடமெல்லாம், அது என் கற்பனை, அப்படி ஒரு புத்தகம் கிடையாது என்று எழுதினார். கானோவருக்கும் அதையே எழுதினார். பேயையும் பிசாசையும் அவர் எள்ளளவும் நம்பாதவர். அதைக் கடிதத்தில் மறைக்காதவர். அவர் இறந்து நாற்பது வருஷம் கழித்து, 1970-களில், வியாபாரிகள் அதே பெயரில் மந்திரப் புத்தகம் அச்சடித்து விற்றார்கள். வாசகனை மதிக்கிறவனுக்கும் வாசகனைத் தின்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறதா, இல்லையா?

இனி எதிர்க்கட்சிக்காரர்களின் வாதங்களைப் பார்ப்போம்.

"கடிதம் எழுதியே காலத்தை வீணாக்கினார், அந்த நேரத்தில் இன்னும் பத்து நாவல் எழுதியிருக்கலாமே" என்பார்கள். இதே வாதத்தை அமெரிக்காவிலும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர் இறந்தபோது அவர் பெயரில் ஒழுங்காக அச்சான புத்தகம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் சில நூறு பிரதிகள். பெரிய பதிப்பாளர்கள் கை விரித்துவிட்டார்கள். ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரே என்ற இருவர் 1939-ல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்று ஒரு பதிப்பகத்தையே ஆரம்பித்து அவருடைய கதைகளை 1,268 பிரதிகள் அச்சிட்டார்கள். யார் இவர்கள்? வாலிபப் பிராயத்தில் அவருக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற்றவர்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பிரௌன் சர்வகலாசாலை நூலகத்தில் சேர்த்துக் காப்பாற்றின பார்லோ யார்? 13 வயதில், தன் வயதைச் சொல்லாமல், முதல் கடிதம் எழுதினவன். அந்தப் பத்து நாவல்களை அவர் எழுதியிருந்தால் அவையும் பழைய பத்திரிகைக் கட்டுகளோடு கரையானுக்குப் போயிருக்கும். வீணாக்கியதாகச் சொல்கிற அந்த நேரம்தான் அவருடைய கதைகளைக் காப்பாற்றிற்று.

"வாசகனை நெருங்க விட்டால் தலைமேல் ஏறுவான்" என்பது இரண்டாவது வாதம். இதற்கு ஸ்டீஃபன் கிங் 1987-ல் எழுதின 'மிசரி'யை எடுத்துக் காட்டுவார்கள். அதில் பரம ரசிகை ஒருத்தி நாவலாசிரியனைக் கட்டிலோடு சிறை வைத்துச் சித்திரவதை செய்கிறாள். நல்ல நாவல்தான். ஆனால் கதையில் ஒருத்தி கோடரி எடுத்தாள் என்பதற்காகக் கார்டு எழுதுகிற ஆயிரம் பேரைச் சந்தேகிப்பது, மாமியார் கதை படித்துவிட்டுக் கல்யாணமே வேண்டாம் என்பதைப் போன்றது. அத்து மீறுகிறவனுக்கு இரண்டாவது பதில் எழுதாமல் விடுகிற உரிமை நமக்கு எப்போதும் இருக்கிறது. முதல் பதிலைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

மூன்றாவது வாதம் கனமானது. அதை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. "நீங்கள் கொண்டாடுகிற லவ்கிராஃப்ட் நிற வெறியர் அல்லவா?" என்பார்கள். ஆம், நிற வெறியர்தான். பள்ளிப் பையனிடம் அவ்வளவு பரிவாகப் பேசின அதே பேனா, கறுப்பர்களையும் யூதர்களையும் பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறினவர்களையும் பற்றி, படிக்கவே கூசும்படி எழுதியிருக்கிறது. உலகக் கற்பனை இலக்கிய விருதுக்கு அவருடைய தலையைச் சிலையாகக் கொடுத்து வந்தார்கள். 2015-ல் அதை நிறுத்திவிட முடிவு செய்தார்கள். சரியான முடிவு. நான் அவரைப் பூஜையறையில் வைக்கச் சொல்லவில்லை. தம்மைப் போன்றவர்களுக்குத் திறந்த கதவை அவர் மற்றவர்களுக்கு மனத்தில் அடைத்தே வைத்திருந்தார். அவர் செய்ததில் பாதிதான் தர்மம். மறு பாதியை நாம் செய்ய வேண்டும்.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்லும் நம் நண்பர்களை ஒன்று கேட்கிறேன். "பேய்க்கதை படிக்கிற கும்பல்" என்று நீங்கள் உதட்டைச் சுழிக்கிறீர்களே, அந்தச் சுழிப்பில் எந்த நிறம் இருக்கிறது? எங்கள் சீமையில் தோலைத் தொட்டு வேலை செய்கிறவனை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். அவன் பதனிட்ட தோலில் செருப்புத் தைத்துப் போட்டுக்கொண்டே அவனைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இன்று அவன் மகள் எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு நாவலை முடித்து, நாலு வரி எழுதித் தபாலில் போடுகிறாள். காகிதத்தில் தோல் வாடை அடிக்காது. அதில் இருப்பது பெயர், விலாசம், ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது கலையின் கௌரவத்துக்குக் குறைவு என்று நீங்கள் சொன்னால், பழைய மூக்குப் பொத்தலுக்கு இலக்கியப் பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் சொல்வேன். லவ்கிராஃப்டைக் குற்றம் சாட்ட உங்களுக்கு அப்போது யோக்கியதை ஏது?

கடைசியாக இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நாங்கள்தான் எல்லோருக்கும் பதில் போடுகிறோமே!" என்கிற நவீனர்கள் இவர்கள். கைத்தொலைபேசியில் ஆயிரம் பேருக்கு ஒரே 'நன்றி', ஒரே கை கூப்பும் பொம்மை. இப்போது அதைக்கூட இயந்திரத்திடம் விட்டுவிட்டார்கள்; கடிதத்தை இயந்திரம் படித்து, இயந்திரமே உருகி உருகிப் பதில் எழுதுகிறது. இது பதில் அல்ல, ரசீது. கேட்டவள் தன் தங்கையைப் பற்றிக் கேட்கிறாள். 'தங்கள் அன்புக்கு நன்றி' என்று வருகிறது. அதைவிட மௌனமே மரியாதை.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒரு லட்சம் கடிதம் எழுதச் சொல்லவில்லை. நாற்பது பக்கமும் வேண்டாம். வந்த கடிதத்தை நீங்களே படியுங்கள். கேட்ட கேள்விக்கு உங்கள் வார்த்தையில் பதில் எழுதுங்கள். பேய் உண்டா என்று கேட்டால், உங்களுக்கு எது உண்மை என்று படுகிறதோ அதை நேராகச் சொல்லுங்கள். நீங்கள் நம்புகிறவராயிருந்தால் நம்புகிறேன் என்றே எழுதுங்கள். ஆனால் கதையில் வந்தது உங்கள் கற்பனை என்பதையும் அதே கார்டில் எழுதுங்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். இவ்வளவும் எழுத ஒரு கார்டு போதும். அதன் விலை 50 பைசா. வாசகர் நம் புத்தகத்துக்குக் கொடுத்த விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்; பிறகு, யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்று என்னோடு வாதம் செய்ய வாருங்கள்.